வீல்சேரோட செக்யூரிட்டி, இமிகிரேஷன் தாண்டினவங்க: எந்த இடத்துல மாட்டுச்சு?

பழைய_பல்லாவரம்

ஏர்போர்ட் செக்-இன் கவுண்டர்ல நடந்தது இவ்வளவுதான். ஊழியர் வீல்சேர் பேட்டரியைக் கையில வாங்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். துடைச்சுத் துடைச்சு ஸ்டிக்கர்ல எழுத்தே இல்லை. "வாட்-அவர் எங்க சார் போட்டிருக்கு?" பதில் சொல்ல ஆளில்லை. கடைசியில சேர் வரலாம், பேட்டரி வரக்கூடாதுன்னு ஆச்சு. பேட்டரி இல்லாத பவர் சேரை வெச்சுக்கிட்டு சிங்கப்பூர்ல என்ன செய்யறது, கோலமா போடறது?

மடக்குற லித்தியம் சேர் வெச்சிருக்கவங்க கணக்கைத் தெரிஞ்சுக்கோங்க. வோல்ட்டை ஆம்பியர்-அவரால பெருக்கணும். 24 வோல்ட், 10 ஆம்பியர்-அவர்னா 240 வாட்-அவர். கழட்டற பேட்டரி ஒண்ணே ஒண்ணுன்னா 300 வரைக்கும் விடுவாங்க. ரெண்டு பேட்டரியில ஓடுற சேர்னா ஒவ்வொண்ணும் 160-க்குள்ள இருக்கணும். நிறைய பேர் மாட்டறது இங்கதான். கடையில "ஏர்லைன் அப்ரூவ்டு"ன்னு சொல்லி 240-ல ரெண்டு மாட்டிக் கொடுத்திருப்பாங்க. தனித்தனியா ஒவ்வொண்ணும் 300-க்குள்ளதானேன்னு வாதாடிப் பிரயோஜனமில்லை. ஸ்பேர்னா 300-க்குள்ள ஒண்ணு, இல்லைன்னா 160-க்குள்ள ரெண்டு.

கழட்டின பேட்டரி கேபினுக்குள்ள கையோடதான் வரணும். செக்-இன் பையில போட்டா பையைத் திரும்ப இறக்கிடுவாங்க. முனைகள்ல இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொண்ணையும் தனிப் பையில வைங்க. கம்பெனி கொடுத்த ஸ்பெக் ஷீட், ஏர்லைன் அனுப்பின அனுமதி மெயில் ரெண்டையும் மூணு மூணு காப்பி எடுத்துக்கோங்க. செக்-இன், செக்யூரிட்டி, கேட்னு மூணு இடத்துலயும் முதல்லேர்ந்து கேப்பாங்க.

சக்கரம்74

பேட்டரி எல்லாருக்கும் இல்லை. டிக்கெட்ல விழற கோட் எல்லாருக்கும் உண்டு. பஸ் விமானத்துக்குப் பக்கத்துல போய் நின்னதும் உதவிக்கு வந்த தம்பி குனிஞ்சு, "அம்மா, நாலு படி ஏறிடுவீங்கள்ல?"ன்னு கேட்டான். நாலு இல்லை, இருபதுக்கு மேல. கேட்டது இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லாத ஒருத்தர்கிட்ட. தம்பி மேல தப்பில்லை. அவன் கையில இருந்த சீட்டுல டபிள்யூ.சி.எச்.ஆர்.னு இருந்துச்சு.

வீல்சேர் வேணும்னு மட்டும் சொன்னா ஏஜென்ட் போடறது அந்த ஆர்-தான். அதுக்கு அர்த்தம், தூரம் நடக்க முடியாது ஆனா படி ஏறுவாங்க. டபிள்யூ.சி.எச்.எஸ்.னா படி ஏற முடியாது, உள்ள சீட் வரைக்கும் நடப்பாங்க. டபிள்யூ.சி.எச்.சி.னா சீட் வரைக்கும் தூக்கித்தான் கொண்டு போகணும். அந்த சி விழுந்தாதான் விமான வாசல் உயரத்துக்குத் தூக்கற ஆம்புலிஃப்ட் வண்டியும், உள்ள போற ஒடுக்கமான ஐல் சேரும், தூக்க ரெண்டு ஆளும் ஏற்பாடாகும். டெர்மினல்லேர்ந்து நேரா விமானத்துக்குள்ள போற ஏரோபிரிட்ஜ் கிடைச்சா கோட் தப்பா இருந்தாலும் சமாளிச்சுடலாம், பஸ்ல போற மாதிரி தூரத்துல விமானத்தை நிறுத்தினா செத்தோம். 48 மணி நேரத்துக்கு முன்னாடி ஏர்லைனுக்கு போன் போட்டு, "எந்தக் கோட் இருக்கு, படிச்சுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. ரெண்டு தனி டிக்கெட்டா வாங்கியிருந்தா ரெண்டுலயும் தனித்தனியா சொல்லணும், ஒண்ணுல சொன்னது இன்னொண்ணுக்குப் போகாது.

பல்லாவரம் அண்ணே, சேரை ஏன் செக்-இன்லயே கொடுத்தீங்க? சொந்த சேர்லயே கேட் வரைக்கும் போகணும்னு கேட்கலாம். விமான வாசல்லயே திரும்பக் கிடைக்கற மாதிரி டேக் போடச் சொல்லணும். டேக்ல எந்த ஊர் இருக்குன்னு அங்கேயே படிச்சுப் பாருங்க. கடைசி ஊர் இருந்தா நடுவுல மாறற ஏர்போர்ட்ல உங்க சேர் வராது, நாலு மணி நேரம் அவங்க ஸ்டீல் சேர்தான்.

பழைய_பல்லாவரம்

பவர் சேரைக் கேட்ல வாங்க மாட்டோம்னு சில ஏர்லைன் சொல்றாங்க சார், எல்லாருக்கும் மேனுவல் சேர் இல்லை. கேட்டுப் பார்க்கலாம்ங்கறது சரி.

தையல்மிஷின்

செயற்கைக் கால் போட்டவங்களுக்கு. 2021 அக்டோபர்ல செயற்கைக் காலை ஒவ்வொரு தடவையும் சோதனையில கழட்டச் சொல்றாங்கன்னு நடிகை சுதா சந்திரன் வெளியிட்ட வீடியோ எல்லாரும் பார்த்ததுதான், ஏர்போர்ட் பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். மன்னிப்பு கேட்டதும் தெரியும். அதுக்கப்புறமும் ஒரு தடவை கண்ணால பார்த்தது: திரைக்குப் பின்னால பெஞ்சு இல்லை. ஒருத்தர் ஒத்தைக்கால்ல சுவத்தைப் பிடிச்சு நின்னுக்கிட்டு, கழட்டின கால் எக்ஸ்ரே பெல்ட்ல பைகளுக்கு நடுவுல போறதைப் பார்த்துக்கிட்டிருந்தார். டிரேயில செருப்பு, பக்கத்துல கால்.

மெட்டல் டிடெக்டர் பிரேம்ல நுழையறதுக்கு முன்னாடியே "ஆர்ட்டிஃபிஷியல் லிம்ப்"னு சொல்லிடுங்க. சத்தம் அடிச்சப்புறம் சொன்னா சந்தேகமாத்தான் பார்ப்பாங்க. தனி அறை கேளுங்க, நாற்காலி கேளுங்க, கூட வந்தவர் உள்ள வரணும்னும் கேளுங்க. முதல்ல கை மெட்டல் டிடெக்டர், அப்புறம் பஞ்சு மாதிரி ஒரு துணியால துடைச்சு வெடிமருந்துச் சோதனை மெஷின்ல வைப்பாங்க. அதுல தீராத சந்தேகம் வந்தாத்தான் கழட்டற பேச்சு வரணும். முழங்காலுக்கு மேல ஜிப் திறக்கற பேன்ட் போட்டா பாதி வேலை முடிஞ்சது. கழட்ட வேண்டி வந்தா, காலுக்கும் செயற்கைக் காலுக்கும் நடுவுல போடற உறையான லைனர் வேர்வையில நனைஞ்சிருக்கும், திரும்ப மாட்டினா வழுக்கும். காஞ்ச லைனர் ஒண்ணு, மீதிக் காலுக்குப் போடற ஸ்டம்ப் சாக்ஸ் ரெண்டு கைப்பையில இருக்கட்டும். காலோட ஸ்க்ரூவைத் திருகற அலன் கீயை மட்டும் செக்-இன் பையில போடுங்க, கைப்பையில இருந்தா பிடுங்கிக்குவாங்க.

நெல்லை_அல்வா

எங்க வீட்டுப் பையன் மாதிரி ஆட்டிசம் உள்ள பெரிய பசங்களோட போறவங்களுக்கு வேற கதை. இமிகிரேஷன் ஆபீசர் "எங்க போறீங்க?"ன்னு கேட்டார். பையன் அவரைப் பார்த்து, அதே குரல்ல, "எங்க போறீங்க?"ன்னான். ஆபீசர் மறுபடியும் கேட்டார். பையனும் மறுபடியும். அவரு முகம் மாறினது இன்னும் கண்ணுல நிக்குது.

கேட்டதையே திருப்பிச் சொல்றது அந்தப் பிள்ளைகளோட பேச்சு முறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கறவருக்கு அது தெரியாது. அவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்டோட யு.டி.ஐ.டி.ங்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் சேர்த்து நீட்டிடணும். தனித்தனியா வாங்கன்னா, சேர்ந்துதான் நிப்போம்னு சொல்லணும். 18 வயசு தாண்டியிருந்தா 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில இருக்கற உள்ளூர்க் குழு கொடுக்கற காப்பாளர் சான்றிதழ் இருக்கு, அதோட நகலும் இருக்கட்டும். "இவர் சார்பா நீங்க யாரு?"ங்கற கேள்விக்கு அம்மான்னு மட்டும் சொன்னா சில இடத்துல போதாது. தானியங்கி கேட் பக்கம் போகவே வேண்டாம். கண்ணைத் திறந்து அசையாம நில்லுன்னா நிக்கற பிள்ளையா? சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல உதவி தேவைப்படறவங்களுக்குத் தனி வரிசை இருக்கு. சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல போட்டுட்டுப் போங்க, அங்க நின்னு டைப் அடிக்க முடியாது.

அதைவிட மோசம் செக்யூரிட்டி. ஆம்பளைக்கு ஒரு வரிசை, பொம்பளைக்குத் திரை போட்ட கூண்டு. அம்மா கூண்டுக்குள்ள, 22 வயசுப் பையன் அந்தப் பக்கம் தனியா, தெரியாத ஒருத்தர் உடம்பைத் தடவறார், கையில இருக்கறது பீப்னு கத்துது. அம்மா முதல்ல சோதனையை முடிச்சுட்டு அந்தப் பக்கம் போய் நிக்கணும், பையனுக்கு முகம் தெரியணும். இதைப் பையை டிரேயில வைக்கறதுக்கு முன்னாடி அந்த ஷிஃப்ட் இன்சார்ஜ்கிட்ட சொல்லணும், வரிசையில நிக்கற காவலர்கிட்ட சொல்லிப் பிரயோஜனமில்லை. வீட்ல ஒரு வாரம் டிவி ரிமோட்டை வெச்சு, கையை விரிச்சு நிக்கவெச்சுப் பழக்கினா பெரிய வித்தியாசம் தெரியும்.

மருந்துக்கடை_மேசை

மேலே யாரும் மருந்தைத் தொடவில்லை. பார்த்த காட்சி ஒன்றே ஒன்று: வாரத்துக்கு ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா, உள்ளே பெயரில்லாத வெள்ளை மாத்திரைகள், எதிரே சுங்க அதிகாரி.

வலிப்புக்குக் கொடுக்கும் குளோபசாம், குளோனசிபாம், பினோபார்பிடோன் எல்லாம் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. டிரமடாலும் பிரீகாபலினும் நம் ஊரில் சீட்டுக் காட்டினால் கிடைக்கும், அமீரகத்தில் கட்டுப்பாட்டு மருந்துகள். அமீரகமும் சிங்கப்பூரும் இப்படிச் சிலவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்கின்றன. அந்த நாட்டு அரசு இணையதளத்தில் பிராண்டு பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், வராது. வேதிப் பெயரைப் போடுங்கள். மருத்துவர் சீட்டிலும் வேதிப் பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை நாள் என்று இருக்க வேண்டும். ஸ்ட்ரிப்பை வெட்டாதீர்கள், பெயரும் பேட்ச் எண்ணும் வெட்டின துண்டோடு போய்விடும். பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, எல்லாம் கைப்பையில். இன்சுலின் சரக்கு அறைக்குப் போனால் உறைந்து கெட்டுவிடும் ஆபத்து உண்டு.

வயிற்றுக் குழாய் வழியாக உணவு கொடுப்பவர்கள்: 100 மில்லி விதி மருத்துவத் தேவைக்குத் தளரும், ஆனால் தனியே எடுத்து வைத்து முதலிலேயே சொல்ல வேண்டும். பொடியாகக் கொண்டு போய், செக்யூரிட்டிக்கு அப்புறம் தண்ணீர் வாங்கிக் கலப்பது இன்னும் சுலபம். அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடிக்குக் கூடுதல் சோதனை இருக்கும். சொந்த ஆக்சிஜன் சிலிண்டரை ஏற்ற மாட்டார்கள். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கையடக்க கான்சென்ட்ரேட்டர் என்றால் பயண நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஓடும் பேட்டரி கேட்பது வழக்கம், தாமதத்துக்காக. எல்லோருமே மருத்துவர் கடிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சக்கரம்74

கடைசி வரி தப்பு. ஆக்சிஜனுக்கு, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்களுக்குக் கடிதம் சரி. ஊனம்ங்கறது நோய் இல்லை, அதுக்கு "பறக்கத் தகுதி" சான்று எதுக்கு? மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷை 2012-ல விமானத்திலிருந்து இறக்கிவிட்டாங்க, 2016-ல உச்ச நீதிமன்றம் 10 லட்சம் கொடுக்கச் சொல்லுச்சு. 2022 மே-ல ராஞ்சியில ஒரு பிள்ளையை ஏத்தாம விட்டதுக்கு 5 லட்சம் அபராதம். அதுக்கப்புறம் விதியையே மாத்தினாங்க: ஊனத்தைக் காரணம் காட்டி ஏத்த மறுக்கக் கூடாது. பறக்கும்போது உடம்புக்கு ஆகாதுன்னு நினைச்சா ஏர்போர்ட் டாக்டர் நேர்ல பார்த்து எழுதணும், கவுண்டர் ஊழியரா முடிவு பண்ண முடியாது. மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க.

மருந்துக்கடை_மேசை

சட்டம் சரி. ஆனால் கேட் மூட 20 நிமிடம் இருக்கும்போது சட்டம் பேசுவதைவிட ஒரு தாளை நீட்டுவது வேகம்.

வன்னிமகள்

லண்டனில இருந்து எழுதுறன். இங்க ஒரு அலுவலர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த பொடியனைப் பார்த்து, "அவாவால எழும்ப ஏலுமோ?" எண்டு கேட்டவர். அவா முன்னால இருக்கிறா, ஆங்கிலமும் தெரியும். பொடியன் நல்லவன், "அவாவைக் கேளுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு ஒரு அடி பின்னுக்குப் போயிட்டான்.

நீங்கள் எல்லாரும் விமானக் கம்பனியோட சண்டை பிடிக்கிறியள். ஐரோப்பாவிலயும் இங்கயும் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவி தாறது விமான நிலையத்தின்ர பொறுப்பு. கம்பனிக்கு 48 மணித்தியாலத்துக்கு முதல் சொல்ல வேணும், அவை நிலையத்துக்கு அறிவிப்பினம். ஆள் வராட்டி முறைப்பாடு நிலையத்துக்கு. இந்தியாவிலயும் அமெரிக்காவிலயும் கம்பனிக்கு. அமெரிக்காவில கம்பனிக்காரர் ஒத்து வராட்டி, "சி.ஆர்.ஓ.வைக் கூப்பிடுங்கோ" எண்டு மட்டும் சொல்லுங்கோ, மாற்றுத்திறனாளி முறைப்பாட்டுக்கெண்டே ஒரு அலுவலர் இருக்க வேணும் எண்டு சட்டம். பாதுகாப்புச் சோதனைக்கு உதவி வேணுமெண்டால் அமெரிக்கச் சோதனைத் துறையின்ர உதவிச் சேவையான டி.எஸ்.ஏ. கேர்ஸுக்கு 72 மணித்தியாலத்துக்கு முதல் எடுக்கோணும், அது வேற இடம்.

வெளியில தெரியாத இயலாமை இருக்கிறவைக்குக் குடுக்கிற சூரியகாந்திப் பட்டி 2016இல லண்டன் கேட்விக் விமான நிலையத்தில தொடங்கினது, பெங்களூரிலயும் குடுக்கினம். கழுத்தில போட்டால் வரிசை குறையும் எண்டு நினையாதேங்கோ. இவருக்குக் கொஞ்சம் கூட நேரம் குடுங்கோ எண்டு ஊழியருக்குச் சொல்லுற அடையாளம், அவ்வளவுதான்.

தையல்மிஷின்

போய் இறங்கினப்புறம் சேர் உடைஞ்சு வந்தா? யாரும் எழுதலையே.

சக்கரம்74

சுங்கத்தைத் தாண்டி வெளிய வராதீங்க. பேக்கேஜ் மேசையில சேதப் பதிவு எழுதி நம்பர் வாங்கணும். ஏழு நாளைக்குள்ள ஏர்லைனுக்கு எழுத்துல புகார். சர்வதேசப் பயணத்துல மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2024 டிசம்பர் 28-லேர்ந்து இழப்பீட்டு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தோட கணக்கு அலகு), நல்ல பவர் சேர் விலைக்கு அது பத்தாது. செக்-இன்லயே விலையை அறிவிச்சு, அவங்க கேக்கற கூடுதல் கட்டணத்தைக் கட்டினா வரம்பு அறிவிச்ச தொகைக்கு உயரும். கவுண்டர்ல பாதிப் பேருக்கு இந்த ஃபார்ம் எங்க இருக்குன்னே தெரியாது, அரை மணி நேரம் முன்னாடி போங்க.

கொடுக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ. ஜாய்ஸ்டிக், ஃபுட்ரெஸ்ட், சைடு கார்டு, கழட்ட வர்ற எதையும் கழட்டிக் கையில எடுத்துக்கோங்க. பவர் சேர்னா கிளட்ச் எந்தப் பக்கம் தள்ளினா சக்கரம் ஃப்ரீ ஆகும்னு பெரிய எழுத்துல, அம்புக்குறி போட்டு, சேர்லயே ஒட்டுங்க. தள்ள வராததைத் தூக்குவாங்க, ஜாய்ஸ்டிக்கைப் பிடிச்சுத் தூக்குவாங்க.

நெல்லை_அல்வா

குஷனும் கழட்டணுமா?

சக்கரம்74

கட்டாயம், அதை சீட்ல போட்டு உட்காரவும் செய்யலாம். காத்து அடிக்கற குஷன்னா மேல போனதும் உப்பிக் கல்லு மாதிரி ஆயிடும், கேபின் அழுத்தம் 6,000 – 8,000 அடி உயரத்துல இருக்கற மாதிரிதான் இருக்கும். ஏறினப்புறம் வால்வைக் கொஞ்சம் திறந்து விடுங்க. இறங்கும்போது தட்டையாயிடும், கை பம்ப்பை மறக்காம கைப்பையில வைங்க.