வண்டிக்குதிரைக்கு முதுகு விறைப்பு: அக்குபஞ்சர், காந்தப் போர்வை, மூலிகைப் பொடி இவற்றில் எதை நம்பலாம்?

ஷ்ராப்ஷயர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் வசிக்கிறேன். பணி ஓய்வு பெற்றதிலிருந்து ஆறு ஆண்டுகளாகக் குதிரை வண்டி ஓட்டுவதே என் பொழுதுபோக்கு. என் குதிரை 14 வயதான வெல்ஷ் காப் என்னும் வேல்ஸ் நாட்டு இனம். செவலை நிறம், தோள் உயரம் நாலே முக்கால் அடி, காயடித்த ஆண். இரண்டு சக்கர வண்டியில் பூட்டி வாரத்துக்கு நான்கு நாள் கிராமப் பாதைகளில் ஓட்டுகிறேன். கோடையில் உள்ளூர்ச் சங்கம் நடத்தும் போட்டிகளில், கூம்புகளின் உச்சியில் வைத்த பந்துகள் விழாதபடி அவற்றின் இடையே வண்டியைச் செலுத்தும் சுற்றில் மட்டும் கலந்துகொள்வேன்.

கடந்த இரண்டு மாதங்களாக அவன் இடப்பக்கம் திரும்பும்போது கழுத்தை மட்டும் வளைத்து, உடலை மரக்கட்டைபோல நேராக வைத்துக்கொள்கிறான். நொண்டுவதாகத் தெரியவில்லை. ஆனால் சேணத்தோடு நெருங்கினால் காதுகளைப் பின்னுக்கு மடக்குகிறான். தூரிகையால் தேய்த்துவிடும்போது சேணம் படியும் இடத்தில் தோல் துடிக்கிறது. முன்பு நான் தனியாகவே ஓட்டுவேன். சென்ற இலையுதிர் காலத்திலிருந்து என் மனைவியும் உடன் வருவதால் பயணம் சற்று நீண்டுவிட்டது, அந்தக் களைப்பாக இருக்குமோ என்றுதான் முதலில் எண்ணினேன்.

லாயத்துக்கு வந்து பார்த்த ஒருவர், முதுகெலும்பில் ஒரு கண்ணி இடம் விலகியிருப்பதாகவும், கையாலேயே அதைச் சேர்த்துவிடலாம் என்றும் சொன்னார். அதோடு அக்குபஞ்சர், காந்தப் போர்வை, தீவனத்தில் கலக்க டெவில்ஸ் கிளா வேர்ப்பொடி ஆகிய மூன்றையும் பரிந்துரைத்தார். கால்நடை மருத்துவரிடம் போனால் வலி மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார் என்பது அவருடைய கருத்து. பொடியை வாங்கிவிட்டேன், இன்னும் கொடுக்கத் தொடங்கவில்லை. முதல் போட்டிக்கு ஏழு வாரங்கள் இருக்கின்றன. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

கால்நடை மருத்துவர், லீட்ஸ்

ஐயா, முதலில் அந்தப் பொடியைத் திறக்காதீர்கள். டெவில்ஸ் கிளா தெற்கு ஆப்பிரிக்காவின் கலஹாரி நிலத்தில் விளையும் ஒரு செடியின் கிழங்கு. அதில் உள்ள ஹார்ப்பகோசைடு என்னும் பொருள் வீக்கத்தைத் தணிக்கும் என்பதற்காகவே அதைக் கொடுக்கிறார்கள். அதே காரணத்தால்தான் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனமான எஃப்இஐயின் தடைப் பட்டியலிலும் அது இருக்கிறது. மூலிகை என்று டப்பாவில் எழுதியிருப்பது சோதனைக்கூடத்தில் செல்லாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது, சில குதிரைகளின் மாதிரிகளில் கேப்சைசின், அதாவது நம் மிளகாயின் காரம், இருப்பது தெரியவந்தது. அதனால் நார்வே அணி வெண்கலப் பதக்கத்தையே இழந்தது. காரக் களிம்பு தடவினாலும் அகப்படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கண்ணி விலகியது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. குதிரைக்கு மார்புப் பகுதியில் 18 முள்ளெலும்புகளும் இடுப்புப் பகுதியில் பொதுவாக 6 முள்ளெலும்புகளும் உண்டு. உறுதியான தசைநார்களும் கையளவு தடித்த தசையும் அவற்றைப் பிணைத்து மூடியிருக்கின்றன. மனிதக் கை தட்டி நகர்த்தக்கூடிய அமைப்பல்ல அது. உண்மையாகவே ஓர் எலும்பு இடம் பெயர்ந்திருந்தால் உங்கள் குதிரை லாயத்திலிருந்து வெளியே நடந்து வந்திருக்காது. கைச்சிகிச்சையால் தசையின் இறுக்கம் தளரலாம், மூட்டு சற்று இலகுவாக அசையலாம். அதற்கு மேல் சொல்வதெல்லாம் கதை.

சட்டத்தையும் கவனியுங்கள். பிரிட்டனில் 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி, விலங்குக்கு என்ன நோய் என்று சொல்லவே பதிவு பெற்ற மருத்துவருக்குத்தான் உரிமை. ஊசி குத்தும் அக்குபஞ்சரும் எங்கள் வேலைதான். இயன்முறை வல்லுநர், எலும்பு-மூட்டுகளுக்குக் கைச்சிகிச்சையான ஆஸ்டியோபதி, கைரோபிராக்டிக் செய்பவர் ஆகியோர் 2015ஆம் ஆண்டின் விலக்கு ஆணைப்படி கால்நடை மருத்துவரின் வழிகாட்டுதலில் சிகிச்சை அளிக்கலாம். மருத்துவரிடம் போகாதீர்கள் என்று சொல்பவர் எந்த விலக்கின் கீழும் வரமாட்டார்.

அக்குபஞ்சர் செய்யும்போது பல குதிரைகள் தலையைத் தாழ்த்திக் கண் சொருகி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அமைதியைக் குணம் என்று கொள்ளும் அளவுக்கு நல்ல ஆய்வுகள் இல்லை. நடந்தவை பெரும்பாலும் சிறியவை. காந்தப் போர்வையில் காந்தத்தை விடப் போர்வைதான் வேலை செய்கிறது என்பேன். ஹோமியோபதி பற்றி யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: கால்நடை மருத்துவர்களை நெறிப்படுத்தும் அமைப்பான எங்கள் ராயல் கல்லூரி 2017இல், இத்தகைய முறைகள் மருத்துவத்துக்குத் துணையாக இருக்கலாமே தவிர மாற்றாக முடியாது என்று அறிவித்திருக்கிறது. எங்கள் மருத்துவமும் தவறே செய்யாமல் இருந்ததில்லை. நம் ஊரில் மாட்டுக்குச் சூடு போடுவதுபோல, இங்கே பந்தயக் குதிரைகளின் கால் தசைநாண்களுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டுவந்த வழக்கத்தை அதே கல்லூரி 1991இல்தான் நெறியற்றது என்றது.

செலவில்லாத ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். குதிரையை அசையாமல் நிற்கவைத்து, ஒரு கேரட்டைக் காட்டி அதன் வாயை முன்னங்கால்களுக்கு இடையிலும், பிறகு இருபுறமும் விலா வரையிலும் கொண்டுவந்து, ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்துங்கள். ஹிலாரி கிளேட்டன் இடம்பெற்ற குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், 8 குதிரைகளுக்கு வாரம் ஐந்து நாள் என மூன்று மாதம் இதைச் செய்வித்தபோது, முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கும் மல்டிஃபிடஸ் தசை பருத்தது அல்ட்ராசவுண்டில் தெரிந்தது. ஆனால் வலி எங்கே என்று தெரியாமல் இதையும் தொடங்க வேண்டாம். மருத்துவர் முதுகைத் தடவிப் பார்த்து, கெட்டித் தரையிலும் மணலிலும் வட்டமாக ஓடவிட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுக்கட்டும். வாயையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கக் கடைவாய்ப் பல் கூர்மையாக வளர்ந்து கன்னத்தைக் கிழித்தாலும் குதிரை ஒரு பக்கம் திரும்ப மறுக்கும்.

ஜட்காக்காரர் பேரன், நார்ஃபோக்

மருத்துவர் அம்மா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேள்வியிலேயே விடை இருப்பதாகத் தோன்றுகிறது. மனைவி இலையுதிர் காலத்திலிருந்து வண்டியில் ஏறுகிறார். குதிரைக்கு அதற்குப் பிறகு முதுகு வலி வந்திருக்கிறது.

என் தாத்தா கும்பகோணத்தில் ஜட்கா ஓட்டியவர். சவாரி ஏறியதும் அவர் முதலில் சொல்வது, "பின்பாரமா இருக்கு, கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க" என்பதாகத்தான் இருக்கும். சில சமயம் முன்பாரம் என்று பின்னே தள்ளச் சொல்வார். சிறுவயதில் அதை அதட்டல் என்று நினைத்தேன். நானே வண்டி ஓட்டத் தொடங்கிய பிறகுதான் அது குதிரையின் முதுகைப் பற்றிய பேச்சு என்று விளங்கியது.

நான்கு சக்கர வண்டியில் ஏறுபவரின் எடையைச் சக்கரங்களே தாங்கிக்கொள்ளும். இரண்டு சக்கர வண்டி அப்படியல்ல. அது அச்சின் மேல் நிற்கும் தராசு. இருக்கை அச்சுக்குச் சற்று முன்னே இருந்தால், ஏறுகிற ஒவ்வொருவரின் எடையிலும் ஒரு பங்கு, குதிரையின் இருபுறமும் நீளும் வண்டிக் கம்பான ஏர்க்கால் வழியாகச் சேணத்தில் இறங்கும். பின்னே இருந்தால் ஏர்க்கால் மேலெழும்பி வயிற்றுப்பட்டையை இழுக்கும். தனியாக அமரும்போது சரியாக இருந்த வண்டி, இருவர் அமர்ந்ததும் முன்பாரமாகிவிடும்.

இதை இன்றே சோதிக்கலாம். சமதரையில் குதிரையைப் பூட்டி, நீங்கள் இருவரும் ஏறி அமருங்கள். விவரம் தெரிந்த ஒருவர் ஏர்க்காலின் நுனியை, வார் வளையத்துக்குள் இருக்கும்போதே, இரண்டு விரலால் தூக்கிப் பார்க்கட்டும். எளிதாக அசைய வேண்டும். முழுக்கையைப் போட்டுத் தூக்க வேண்டியிருந்தால் அந்தப் பாரத்தை உங்கள் குதிரை மைல் கணக்கில் சுமந்திருக்கிறது என்று பொருள், துள்ளுநடையில் அது அடிக்கு அடி குத்தவும் செய்யும். ஓட்டி முடித்ததும் சேணத்தைக் கழற்றி வியர்வைத் தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்திருக்க, நடுவே உள்ளங்கை அளவு உலர்ந்த திட்டு இருந்தால் அங்கேதான் அழுத்தம் மிகுதி.

மார்ப்பட்டையையும் விட்டுவிடாதீர்கள். அது மேலே ஏறினால் மூச்சுக்குழலை அமுக்கும், தாழ்ந்தால் தோள்மூட்டைத் தடுக்கும். வண்டியை இழுக்கும் இருபுறத்து இழுவார்களையும் தரையில் விரித்து அளந்து பாருங்கள். பழைய தோல் ஒரு பக்கம் மட்டும் நீள்வது சாதாரணமாக நடக்கும். அப்போது குதிரை ஒரு தோளாலேயே வண்டியை இழுக்கும், மறுபக்கம் வளைய மறுக்கும்.

இந்த வண்டியோட்டும் விளையாட்டுக்கு விதி எழுதியவர்களில் முதன்மையான இளவரசர் பிலிப், எலிசபெத் ராணியின் கணவர், மணிக்கட்டு வாதத்தால் 1971இல் போலோவை விட்டுவிட்டு வண்டிக்கு வந்தவர். தன் மூட்டுவலிக்காக மனிதன் ஏறிய வண்டி குதிரைக்கு முதுகுவலி தரக் கூடாதல்லவா.

ஹாம்பர்க் அக்கா

மருத்துவர் ஊசியைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டார். என் மட்டக்குதிரைக்கு இரண்டு குளிர்காலங்களாக அக்குபஞ்சர் செய்துவருகிறேன். செய்பவர் கால்நடை மருத்துவர்தான். ஊசி போட்ட சிறிது நேரத்தில் அவள் வரிசையாகக் கொட்டாவி விடுவாள், மறுநாள் பூட்டும்போது முரண்டு இருக்காது. பரிசோதனைக்கு நாள் கிடைக்கும்வரை அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை ஆய்வுத்தாள் இல்லை என்பதற்காக நான் மறுக்கப் போவதில்லை.

இருந்தாலும் ஓர் எச்சரிக்கை. இங்கே ஜெர்மனியில் விலங்கு இயற்கை வைத்தியர் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதி மாட்டிக்கொள்ளலாம், அதற்கென்று அரசுத் தேர்வு கிடையாது. ஆகவே முறை எது என்பதை விட ஊசியைப் பிடிப்பவர் யார் என்றுதான் நான் முதலில் கேட்பேன். எதைச் செய்தாலும் வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே வேகத்தில், இடமும் வலமும் வட்டமடிக்கும் காணொளி எடுத்து வையுங்கள். நம் கண் நாம் செலவழித்த பணத்தின் பக்கம் சாயும்.

கால்நடை மருத்துவர், லீட்ஸ்

காணொளி யோசனையை நான் சொல்லாமல் விட்டது தவறு. கொட்டாவியையும் நான் மறுக்கவில்லை, அக்கா. ஏர்க்காலின் பாரம் அப்படியே இருக்க, வாரந்தோறும் ஊசி மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கொட்டாவியால் யாருக்கு லாபம் என்பதுதான் என் கேள்வி.

ஷ்ராப்ஷயர்வாசி

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நார்ஃபோக் நண்பர் சொன்னபடி நாங்கள் இருவரும் ஏறி அமர, பக்கத்து லாயத்துப் பெண் ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு விரலால் முடியவில்லை. ஒரு கையாலும் முடியவில்லை. என் மனைவி உடனே கீழே இறங்கி, குதிரையின் கழுத்தைத் தடவி மன்னிப்புக் கேட்டார். என்னிடம் எதுவும் பேசவில்லை. வியர்வைத் தடத்தில் இடப்புறம் ஓர் உலர்ந்த திட்டு இருந்தது. இழுவார்கள் சமமாகவே இருந்தன.

மருத்துவர் வந்து, சேணத்தின் கீழே தசை இரு பக்கமும் நொந்திருப்பதாகவும், இடப்பக்கம் அதிகம் என்றும் சொன்னார். எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தம். பற்களை அராவிவிட்டார். மூன்று வாரம் வண்டி பூட்டாமல் கையில் பிடித்து நடத்தச் சொன்னார். கேரட் பயிற்சிக்கும் ஒப்புக்கொண்டார். அக்கா சொன்ன கொட்டாவியைப் பார்க்கும் ஆசையில் இரண்டு முறை அக்குபஞ்சருக்கும் கேட்டுக்கொண்டேன், அவர் சிரித்துக்கொண்டே செய்தார். எங்கள் குதிரை கொட்டாவி விடவில்லை, சாணம்தான் போட்டது.

வண்டியின் இருக்கையை நான்கு அங்குலம் பின்னே தள்ளிப் பொருத்தியிருக்கிறோம். அகலமான பட்டை கொண்ட வேறு சேணம் வாங்கியாயிற்று. நேற்றைய காணொளியில் அவன் இடவட்டத்தில் விலாவை வளைக்கிறான். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்துவிட்டதால் எது பலித்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கோடையின் முதல் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. பொடி டப்பா திறக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கிறார். சேணம் அழுத்திய இடத்தில் மட்டும், செவலைக்கு நடுவே, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெள்ளை முடி முளைத்து வருகிறது.