கொமடோரோடு ஒரு கை பேஷன்ஸ்: ஆடியவர்களின் அனுபவங்கள்

டோர்ட்மண்ட்வாசி எழுதுகிறார்:

பேஷன்ஸ் என்ற சீட்டாட்டத்தைத் தனியாள் ஆட்டம் என்பார்கள். எண்பதுகளின் வீட்டுக் கணினியான கொமடோர் 64-இல் ஆடிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கையால் ஆடும்போது கடதாசியை, அதாவது சீட்டைக் கலைப்பதும் நாம்தான், போடுவதும் நாம்தான், சிக்கிக்கொண்டால் அடியில் இருப்பதை எட்டிப் பார்ப்பதும் நாம்தான். கணினியில் முதல் இரண்டு வேலையும் அதன் கைக்குப் போய்விடுகின்றன. மூன்றாவதற்கு அது மசிவதில்லை. பிறகென்ன, எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாகத்தான் கணக்கு.

நான் ஆடுவது கான்ஃபீல்டு. பதின்மூன்று கடதாசிகள் ஓரமாகக் குவியலில் இருக்கும், மேலே உள்ளது மட்டும் திறந்திருக்கும். அடுத்த கடதாசி எதுவோ அதுவே அடித்தளம், அதாவது கடதாசிகளை இனவாரியாக ஏற்றி அடுக்கும் இடத்தின் தொடக்கம். அது ஏழு என்றால் நான்கு இனங்களும் ஏழில் தொடங்கி, ராஜாவைத் தாண்டி ஏஸுக்குச் சுற்றி வந்து, ஆறில் முடிய வேண்டும். கீழே நான்கு வரிசைகள், கறுப்பும் சிவப்பும் மாறி மாறி இறங்கும். மிஞ்சிய 34 கடதாசிகள் மும்மூன்றாகத் திரும்பும். பொல்லாத ஆட்டம். நியூயார்க் மாநிலத்துச் சரடோகா ஸ்பிரிங்ஸில் சூதாட்ட விடுதி நடத்திய ரிச்சர்ட் கான்ஃபீல்டின் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது. 50 டாலர் கொடுத்துக் கடதாசிக் கட்டு ஒன்றை வாங்க வேண்டும், அடித்தளத்தில் ஏறும் ஒவ்வொரு கடதாசிக்கும் விடுதி 5 டாலர் திருப்பித் தரும் என்பது அங்கே இருந்ததாகச் சொல்லப்படும் ஏற்பாடு. பத்து ஏறினால்தான் போட்ட முதல் கைக்கு வரும். அதே கணக்கை, கொமடோரில் ஆட நானே எழுதிய நிரலிலும் வைத்தேன். ஆட்டம் தொடங்கியதும் 50 கழியும், பாக்கி திரையின் மூலையில் நிற்கும்.

இயந்திரம் பழம்பொருள் சந்தையில் வாங்கியது. ஜெர்மானியர் பாண்பெட்டி என்று செல்லமாக அழைக்கும் அந்தப் பழுப்பு நிற வடிவம்தான். எண்பதுகளின் பிற்பகுதியில் ஆல்டி கடையில் மாவோடும் சீனியோடும் சேர்த்து இதையும் விற்றார்கள் என்பதால் இந்த ஊர் வீடுகளின் நிலவறைகளில் இன்னும் நிறையக் கிடக்கிறது. விசைப்பலகையைக் கூர்ந்து பார்த்தால், ஏ, எஸ், இசட், எக்ஸ் ஆகிய நான்கு விசைகளின் முன்முகத்தில் சின்னதாக ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர் அச்சிடப்பட்டிருக்கும். ஷிஃப்டோடு அழுத்தினால் திரையில் அவை வந்துவிடும். சீட்டாடுவதற்கென்றே செய்தது போல இருக்கும்.

ஆனால் நிறத்தில் கையை விரித்துவிடும். சாதாரண எழுத்துத் திரையில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி நிறம் தரலாம், பின்னணி மட்டும் திரை முழுவதற்கும் ஒன்றுதான். பச்சை மேசைமேல் வெள்ளைக் கடதாசி, அதில் சிவப்பு ஹார்ட் என்று மூன்று நிறம் கேட்டால் நடக்காது. எனவே பின்னணியை வெள்ளையாக்கிவிட்டு, மற்ற இடமெல்லாம் பச்சைக் கட்டங்களால் அடைத்தேன். அதாவது நான் வரைந்தது மேசையை. அடைக்காமல் விட்ட இடம் கடதாசி ஆயிற்று. இதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவரும் அசையவில்லை.

கடதாசி போடும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. என் நிரல் 52-க்குள் ஓர் எண்ணை எடுக்கும். அந்தக் கடதாசி ஏற்கெனவே போயிருந்தால் மறுபடி எடுக்கும். தொடக்கத்தில் மளமளவென்று விழும். போகப் போகத் தயக்கம் கூடும், கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரியாக 52 தடவை தேட வேண்டியிருக்கும். கட்டு முழுவதற்கும் கூட்டினால் ஏறத்தாழ 236 தேடல். இடமாற்றிக் கலைக்கும் முறையில் எழுதினால் 51 தடவையில் வேலை முடிந்துவிடும் என்று எனக்கும் தெரியும். மாற்றப் போவதில்லை. எதிராளி யோசித்துப் போடுகிறான் என்ற எண்ணம் எனக்கு வேண்டியிருக்கிறது.

லூயிஷம் அக்கா எழுதுகிறார்:

தம்பி, உங்கள் மேசை வேலை அருமை. ஆனால் எங்கள் வீட்டு ஸ்பெக்ட்ரம் கணினியில் அந்தப் பாடே கிடையாது. எட்டுக்கு எட்டுப் புள்ளியுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி மையும் (எழுத்தின் நிறம்) தனித் தாளும் (பின்னணி நிறம்) உண்டு. எங்களுக்கு இருந்த குறை வேறு. சீட்டுச் சின்னங்கள் அதில் இல்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஹார்ட்டை வரைந்து, நிரம்பிய கட்டத்துக்கு ஒன்று, காலிக்குப் பூச்சியம் என்று எட்டு வரியும் தட்டச்சு செய்தோம். எங்கள் கிளாவர் கடைசிவரை காலிஃபிளவர் மாதிரியேதான் இருந்தது.

சொல்ல வந்தது என் சொந்தத் தம்பியைப் பற்றி. 1980களில் லண்டனில் எங்கள் வயதுப் பிள்ளைகள் வீட்டில் பெரும்பாலும் இந்த ரப்பர் விசைப் பெட்டிதான். பத்திரிகையில் வந்த ஒரு பேஷன்ஸ் நிரலை நான் வாசிக்க அவன் தட்டினான். பள்ளி நண்பர்கள் வந்தால் இயந்திரத்தை அணைத்துப் போடுவான், நிரல் பதிந்த ஒலிநாடாவை ஏற்றுவான், கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்பேட் ஏஸ். ஸ்பேட் ஐந்து. ஹார்ட் பத்து. கிளாவர் மூன்று" என்பான். அப்படியே விழும். பையன்கள் வாய் பிளப்பார்கள். மிட்டாயும் ஸ்டிக்கரும் பந்தயமாக வைத்துத் தோற்றார்கள்.

சூட்சுமம் இதுதான். ஸ்பெக்ட்ரமின் தற்செயல் எண் உண்மையில் ஒரு பெருக்கல் கணக்கு. முந்தைய எண்ணோடு ஒன்றைக் கூட்டு, 75-ஆல் பெருக்கு, 65537-ஆல் வகுத்து மீதியை எடு, அதில் ஒன்றைக் கழி. மின்சாரம் போட்டதும் தொடக்கம் பூச்சியம். ஆகவே வருவது 74, பிறகு 5624, 28652, 51790. ஒவ்வொன்றையும் 65536-ஆல் வகுத்து, 52-ஆல் பெருக்கி, பின்னத்தை வெட்டி ஒன்று கூட்டிப் பாருங்கள்: 1, 5, 23, 42. ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர் என்று வரிசை எண் கொடுத்தால் தம்பி சொன்ன நான்கும் அவைதான். வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்லும் ஒரே ஒரு கட்டளை அந்த நிரலில் விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்திருந்தால், நொடிக்கு 50 முறை எண்ணும் உள்கடிகாரத்தைப் பார்த்து நிரல் தொடக்க எண்ணை எடுத்திருக்கும். தம்பிக்கு இந்தக் கணக்கெல்லாம் அப்போது தெரியாது. ஆடி ஆடி மனப்பாடம் செய்திருந்தான்.

கணக்கு வாத்தியார் எழுதுகிறார்:

அம்மா, நீங்கள் சொன்ன கணக்கைச் சரிபார்த்துவிட்டேன், பிசகில்லை. ஆனால் அந்தக் கட்டளையைச் சேர்த்தாலும் கதை பெரிதாக மாறாது. 52 சீட்டை அடுக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது. ஸ்பெக்ட்ரம் தொடங்கக்கூடிய இடங்கள் 65536. ஆக, அந்தப் பெட்டிக்குத் தெரிந்த ஆட்டங்கள் அவ்வளவே. மற்றவற்றை அது உங்களுக்கு ஒருநாளும் போட முடியாது. நியாயமான எதிராளி என்று நான் ஏற்க மாட்டேன்.

என் அனுபவம் வேறு மாதிரி. அமெரிக்காவில் மேற்படிப்புக்குப் போயிருந்தபோது அறைத்தோழரிடம் கொமடோர் இருந்தது. நான் அதனோடு ஆடவில்லை. அதையே ஆடவிட்டேன். இதற்கு முன்னோடி இருக்கிறார். ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித அறிஞர் 1946-இல் நோயிலிருந்து தேறிவந்த நாட்களில் கான்ஃபீல்டு ஆடிக்கொண்டிருந்தார். இது கூடிவர எத்தனை வாய்ப்பு என்று சேர்க்கைக் கணக்கில் இறங்கிப் பார்த்தார், பிடிபடவில்லை. பேசாமல் நூறு தடவை சீட்டைப் போட்டுக் கூடியதை எண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. அந்த யோசனை இன்னொரு கணித அறிஞரான ஜான் வான் நியூமனிடம் போய், மான்டே கார்லோ முறை என்று பெயர் பெற்று, அணுப்பிளவுப் பொருளுக்குள் நியூட்ரான் ஓடும் வழியைக் கணக்கிடும் வரைக்கும் போனது.

நானும் இரவில் ஓடவிட்டுத் தூங்கினேன். பேசிக் மொழி, நொடிக்குப் பத்து லட்சம் துடிப்புள்ள செயலி; விடிந்தால் திரையில் ஒரு சுமாரான எண்ணிக்கை நிற்கும். ஏறக்கூடிய சீட்டை உடனே அடித்தளத்தில் ஏற்று என்பதுதான் நான் கொடுத்த விதி. அது படுதோல்வி. நான்கு வரிசைகளிலும் சீட்டு இறங்க ஆதாரமாக இருக்க வேண்டியதை அவசரப்பட்டு மேலே அனுப்பிவிட்டு, ஓரக் குவியலைத் திறக்க வழியில்லாமல் முழிக்கும். கையில் இருப்பதைச் சற்று நேரம் பிடித்துவை என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க நான் எழுதிய விதிகள் மூன்று பக்கத்துக்கு நீண்டன. என் ஆய்வேட்டில் அந்த அளவு உழைப்பு இல்லை என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார்.

முன்னாள் மாணவர் எழுதுகிறார்:

எங்கள் பள்ளிக்கு பிபிசி மைக்ரோ கணினி வந்தது, பள்ளிகளில் கணினி கற்பிக்க 1984-இல் இந்திய மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில். அதில் 52-க்குள் ஓர் எண் என்று நேராகவே கேட்கலாம், அக்கா சொன்ன பெருக்கல் வகுத்தல் ஏதும் வேண்டாம். ஆசை தீர ஒரு பேஷன்ஸ் எழுதினோம். சீட்டாட்டமா, பள்ளிக்கூடத்திலா என்று கணினி ஆசிரியர் கொதித்தார்.

நான்கு இனங்களையும் அ, ஆ, இ, ஈ என்று மாற்றினோம். தமிழ் எழுத்துகளையும் புள்ளி புள்ளியாக வரைந்து சேர்த்தோம். ராஜா, ராணி, ஜாக்கிக்குப் பதில் 13, 12, 11. தலைப்பு: எண் வரிசைப் பயிற்சி. ஆய்வுக்கு வந்த அதிகாரி உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டு, மாணவர்களுக்கு மிகவும் பயனுள்ள நிரல் என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டார். மதிய உணவு மணி அடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

டோர்ட்மண்ட்வாசி மீண்டும் எழுதுகிறார்:

அக்கா, கொமடோரிலும் அதே சங்கதிதான். மின்சாரம் போட்டதும் அதன் முதல் தற்செயல் எண் எப்போதும் 0.185564016. கடிகாரத்தைக் காட்டி வேறு இடத்தில் தொடங்கவைக்க வேண்டும். நான் கடிகாரத்தை நம்பாமல் ஒலிச்சில்லைப் பிடித்தேன். சிட் என்ற அந்தச் சில்லின் மூன்றாவது குரலை இரைச்சலில் வைத்து, அதிர்வெண்ணை உச்சத்துக்கு ஏற்றி, 54299 என்ற நினைவக முகவரியை வாசித்தால் 0 முதல் 255 வரை ஏதாவதொன்று வரும். 208-உம் அதற்கு மேலும் வந்தால் எறிந்துவிடுங்கள். மிஞ்சியது 52-இன் நான்கு மடங்கு, அதனால் எந்தக் கடதாசிக்கும் ஓரவஞ்சனை இருக்காது.

மேலே நான் எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எட்டிப் பார்க்க அது மசியாது என்றேன். மசியவைக்க ஒரு வழி உண்டு. ரன்/ஸ்டாப் விசையை அழுத்தி நிரலை நிறுத்திவிட்டு, கட்டு இருக்கும் பட்டியலில் பதினேழாவது எது என்று அச்சிடச் சொன்னால் மறுபேச்சில்லாமல் சொல்லிவிடும். பிறகு தொடரச் சொன்னால் ஒன்றும் நடக்காதது போல ஆட்டம் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஆனால் அந்த ஒரு வரியைத் தட்டும்போது எழுத்துப் பிழை விழுந்துவிட்டால் தொலைந்தது. தொடர முடியாது என்று செய்தி வரும், நல்ல ஆட்டம் பாதியில் போய்விடும், 50 டாலரும் கணக்கில் கழிந்ததுதான். இருட்டு அறையில் பதற்றத்தோடு தட்டுகிறவருக்குப் பிழை விழாமல் இருக்குமா என்ன.

கணக்கு வாத்தியார் மீண்டும் எழுதுகிறார்:

சிட் சில்லின் இரைச்சலும் 23 இரும இலக்கங்கள் கொண்ட பதிவகம் ஒன்று அவற்றை நகர்த்தி நகர்த்தி உண்டாக்குவதுதான். 83,88,607 நிலைகளுக்குப் பிறகு தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். இருந்தாலும் நீங்கள் விசையை அழுத்தும் கணம் அதற்குத் தெரியாது என்பதால் இம்முறை எதிராளியை நியாயமானவன் என்று ஏற்கிறேன். நிரலை இங்கே வரி வரியாகப் போடுங்கள். வரி எண்களை விட்டுவிடாதீர்கள். மூலையில் இப்போது நிற்கும் பாக்கி எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுவரை நீங்கள் ஜெயிக்கிறீர்களா என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.