கூடைப்பந்து வீரர் சத்னாம் சிங் ஜெயிச்சவரா, இல்லையா?

பாளை கார்டு:
பஞ்சாப் கிராமத்துப் பையன், 7 அடி 2 அங்குலம். 2010-லேயே அமெரிக்காவுல புளோரிடா ஐ.எம்.ஜி. விளையாட்டு அகாடமிக்குப் போயிட்டாரு. அமெரிக்க கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வோட 2015 டிராப்டுல, அதாவது டீமுங்க புது ஆளுகளை வரிசையா எடுக்கிறதுல, டல்லாஸ் மேவரிக்ஸ் டீம் இவரை 52-வதா எடுத்துச்சு. என்.பி.ஏ. டிராப்டுல எடுக்கப்பட்ட முதல் இந்தியர். சென்டர் அண்ணாச்சி, நீங்க இவரைப் போயி தோத்தவர்ங்கியளே, நியாயமா?

வண்ணாரப்பேட்டை சென்டர்:
பேரு வந்துச்சு, ஆட்டம் வந்துச்சா வே? ஒரு என்.பி.ஏ. மேட்ச் கூட ஆடலை. முதல் சுத்து 30 பேருக்குத்தான் சம்பள உத்தரவாதம், 52-வதுன்னா ரெண்டாம் சுத்து, அதுக்குக் கெடையாது. மேவரிக்ஸோட கீழ்மட்ட டீம் டெக்சாஸ் லெஜண்ட்ஸ்ல ரெண்டு சீசன், அதுவும் பெரும்பாலும் பெஞ்சுதான். என் கணக்குல இன்னொரு இந்திய வீரர் அம்ரித்பால் சிங்தான் ஜெயிச்சவரு. ஜப்பான்ல ஆடிட்டு, 2017-18-ல ஆஸ்திரேலியாவுல சிட்னி கிங்ஸ் டீமுக்குப் போனாரு.

பாளை கார்டு:
அங்கயும் அவரு ஆடுன நிமிஷம் கம்மிதான?

வண்ணாரப்பேட்டை சென்டர்:
கம்மின்னாலும் கோர்ட்ல இறங்குனாருல்லா! சத்னாமுக்கு இடைஞ்சலா இருந்தது கால் வேகம். என்.பி.ஏ.-ல தடுக்கிறவன் எதிராளியைக் காக்காம பெயிண்ட்ல, அதாவது ரிங்குக்கு முன்னால இருக்கிற கட்டத்துல, 3 வினாடிக்கு மேல நின்னா டெக்னிக்கல் பவுல். சர்வதேச கூடைப்பந்து சம்மேளனமான பிபா (FIBA) ரூல்ல அது இல்லை. மூணு புள்ளி கிடைக்கிற த்ரீ பாயிண்ட் கோடும் பிபாவோட 6.75 மீட்டர்ல இருந்து என்.பி.ஏ.-ல 7.24-க்குப் போயிரும். பிக் அண்ட் ரோல் போட்டு, அதாவது ஒருத்தன் மறிச்சு நின்னு கூட்டாளிக்கு வழிவிடுற ஆட்டம் ஆடி, நெட்டையனை வெளியே இழுத்து, பந்தைக் கொண்டுபோற துடியான கார்டு முன்னால தனியா நிறுத்திருவான். பக்கவாட்டுல ரெண்டு எட்டு வேகமா வைக்க முடியலன்னா சோலி முடிஞ்சுது.

மேலப்பாளையம் ரெப்ரி:
தப்பு நம்ம பக்கமும் இருக்கு. இங்க 6 அடி 5 வந்துட்டா "ரிங்குக்கு அடியிலயே நில்லுலே"ன்னு விட்டுருதாவ, பந்தைத் தட்டிக்கிட்டு ஓட விடுததில்லை. அந்த உயரத்துக்கு வெளிநாட்டுல ஓரத்துல ஓடி ஆடுற விங்தான் ஆடணும். பெயிண்ட் அகலம் 4.9 மீட்டர். கால் வேகத்துக்கு அதுல கோட்டுக்குக் கோடு பக்கவாட்டுல 30 வினாடி ஸ்லைடு பழகணும், பாதம் ரெண்டும் ஒட்டப்படாது, இடுப்பு நிமிரப்படாது. சிமெண்ட் கோர்ட்ல தேஞ்ச ஷூவோட செஞ்சா முன்னங்கால் எலும்புல வலி வரலாம். வெளிநாட்டு கிளப்புக்குப் போறவன் கடைசியா ஆடுன நாட்டு சம்மேளனத்துல கிளியரன்ஸ் லெட்டரும் வாங்கணும். அது இல்லாம டீம்ல பேரு சேராது.

பாளை கார்டு:
பவுடர் டப்பாவையும் சொல்லுங்க. சத்னாமோட ஊக்கமருந்து சோதனை சாம்பிள்ல ஹைஜெனமைன்ங்கிற தடை செஞ்ச பொருள் வந்து 2020-ல ரெண்டு வருசத் தடை. பயிற்சிக்கு முன்னால குடிக்கிற சில பவுடர்ல அது கலந்திருக்கும், லேபிள்ல வேற பேருலயும் போட்டிருப்பான்.
ஆனா 2021-லேயே அமெரிக்காவுல ஏ.இ.டபிள்யூ.ங்கிற தொழில்முறை மல்யுத்த கம்பெனில சேர்ந்துட்டாரே, அது வெற்றி இல்லையா?

வண்ணாரப்பேட்டை சென்டர்:
வெற்றிதான் வே. கூடைப்பந்து கணக்குல எழுதாதியும்.