கப்பல் டின்னருக்கு வேட்டியா, கோட்டா? புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் உதவுங்கள்

வணக்கம். 7 இரவு சொகுசுக் கப்பல் பயணம், 8 பேர். இப்படிப் போனால் பெரும்பாலும் 2 இரவு 'ஃபார்மல்' டின்னர், அதாவது கோட் மாதிரி விசேஷ உடையில் வர வேண்டிய சாப்பாடு, இருக்கும். பாதிப் பேருக்கு அன்று நன்றாக உடுத்திக்கொள்ள ஆசை. மீதிப் பேர், லீவில் எதற்கு இதெல்லாம் என்கிறார்கள். அவர்களுக்கு வழி உண்டு: பஃபேயில் பொதுவாக இந்த உடைக் கட்டுப்பாடு இல்லை, அரை டிராயரோடுகூட சாப்பிடலாம். ஆனால் ஒரே மேசையில் எல்லோரும் உட்கார வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

பட்டு வேட்டி, பட்டுப் புடவையைப் பல கப்பல்களில் தேசிய உடையாக ஏற்கிறார்கள். புக்கிங்கிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். சிக்கல் இஸ்திரிதான். தீ பயத்தால் அறையில் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லை, பையில் இருந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள். குளியலறை ஆவியில் தொங்கவிட்டால் பாலி காட்டன் சுருக்கம் விடும். கஞ்சி போட்ட வேட்டியோ துவண்டுபோகும். புடவையை மெல்லிய பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டினால் மடிப்புக் கோடு விழாது.

கேட்பது இரண்டு:
நேரு வீதிப் பக்கமோ மஞ்சக்குப்பத்திலோ கோட் 10 நாள் வாடகைக்குக் கிடைக்குமா? 42 சைஸ், 2 கோட்.
படியில் தடுக்காத, ஒட்டிக்கோ வைத்த 8 முழ வேட்டி நல்ல கரையோடு எந்தக் கடையில் இருக்கிறது?