மறு: ‘கோஸ்டல் ஸ்குவீஸ்’ – கரையிடுக்கம் எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘கோஸ்டல் ஸ்குவீஸ்’ என்ற ஆங்கிலத் தொடருக்கு நாம் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘கடலோர நெருக்கடி’யை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. படிப்பவருக்குக் கடலோரத்தில் ஏதோ சிக்கல் என்று மட்டுமே புரியும். ‘கடலரிப்பு’ நல்ல சொல், ஆனால் அது வேறு. அலை மணலை அள்ளிப் போவது அரிப்பு. நாம் பெயர் தேடுவது, கடல் ஏற ஏற, பின்னால் நகர வழியில்லாமல் கரை நசுங்கிப் போவதற்கு.

உலகக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி. தடையில்லாத இடத்தில் மணற்கரையும் அலையாத்திக் காடும் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்துப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பிவிட்டால் எங்கே ஒதுங்குவது?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பிப்ரவரி விடிகாலையில் சென்னைக்குத் தெற்கே பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. டிராக்டர் சக்கரம் போன மாதிரி ஒரு பங்குனி ஆமையின் தடம். நீரிலிருந்து நேரே ஏறி, கருங்கல் குவியலில் முட்டி, கல்லை ஒட்டியே பத்தடி போய், மறுபடி கடலுக்கே இறங்கியிருந்தது. குழி தோண்டிய அடையாளமே இல்லை. ஒரு குழியில் நூறு முட்டை போல இடுகிற உயிர் அது. அந்தக் கல்லடியிலேயே இட்டிருந்தாலும் அலை ஏறி ஊறியிருக்கும். ஓட்டின் வழியே மூச்சு வாங்கும் கரு உள்ளேயே மடிந்திருக்கும்.

அதனால்தான் ‘கரையிடுக்கம்’ என்கிறேன். இடுக்கிக்கு இரண்டு கை. இங்கே ஒன்று கடல், மற்றது நாம் கட்டிய சுவர். அந்த இரண்டாவது கை சொல்லில் தெரிய வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம். நம்மால் உடனே மாற்ற முடிவது அந்தச் சுவர் ஒன்றுதான். ‘நெருக்கம்’ என்றால் நெரிசலும் ஆகும், நட்பும் ஆகும். கதவிடுக்கில் விரல் சிக்கிய பிள்ளைக்குக்கூட ‘இடுக்கு’ புரியும். சொல் நீளம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பைக் குறிக்கும் ‘தூண்டில் வளைவு’ இதைவிட நீளம், ஆனால் மீனவர் கோரிக்கைகளில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறதே.

அப்புறம், இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல். இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையில், அபட்ஸ் ஹால் பண்ணையில், 2002-இல் கடற்சுவரை வேண்டுமென்றே உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். பயிர் நிலம் மறுபடி உவர்ச் சதுப்பானது. இதை ‘மேனேஜ்டு ரீஅலைன்மென்ட்’ என்கிறார்கள். ‘திட்டமிட்ட மறுசீரமைப்பு’ என்றால் அதில் கடலே இல்லை. ‘பின்வாங்கல்’ தோல்வி போல ஒலிக்கிறது. ‘கரை விட்டுக்கொடுப்பு’ சரிவருமா? கடலோர ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால், அலை ஏறும் நாளில் படகையும் வலையையும் மேட்டுக்கு ஏற்றி வைப்பதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். அங்கிருந்தே சொல் எடுக்கலாம்.