மே மாதம் மதுராந்தகம் பக்கம் பறவை, அந்துப்பூச்சி பார்க்கக் கிடைக்குமா?

தாம்பரத்துக்காரி:
லீவுக்குப் பையனோடு மதுராந்தகம் பக்கம் மாமியார் ஊருக்குப் போகிறோம். பத்து வயது. பள்ளிக்கரணையில் பூநாரை பார்த்ததிலிருந்து பறவைப் பைத்தியம், இப்போது அந்துப்பூச்சியும் சேர்ந்துகொண்டது. வேடந்தாங்கலில் மே மாதம் ஒன்றும் இருக்காது என்கிறார்கள். வேறு என்ன பார்க்கலாம்? வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டால் அந்துப்பூச்சி வருமாமே, வீட்டு எல்இடி பல்பு போதுமா?

ஏரிக்கரை:
வேடந்தாங்கல் விஷயம் சரிதான், ஏரி வற்ற வற்ற அங்கே கூட்டம் கலைந்துவிடும். அதற்காக வெயில் காலத்தில் பறவையே இல்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன், நம்மூர்ப் பறவைகள் பலவும் கூடு கட்டுவதே இப்போதுதான். மொட்டைப் பனை இருந்தால் அதன் பொந்தில் பனங்காடை இருக்கிறதா என்று பாருங்கள், தொங்கும் பனை ஓலைக்கு அடியில் உழவாரன் குருவி எச்சிலால் ஒட்டிய சின்னக் கூடும் இருக்கலாம்.

பையனுக்குக் கட்டாயம் காட்ட வேண்டியது ஆள்காட்டி. காய்ந்த ஏரியிலும் தரிசிலும் வெறும் தரையில் கூழாங்கல்லுக்கு நடுவே முட்டையிடும், பெரும்பாலும் நான்கு, மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகள். வெயில் ஏறினால் தாய் தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து சூடு தணிக்கும். தூரத்தில் இருந்து பைனாகுலரில் பார்த்தால் அந்த ஈரமே தெரியும். ஆனால் தயவுசெய்து கிட்டே போகாதீர்கள், போட்டோவுக்காகவும் வேண்டாம். நீங்கள் நிற்கிற வரை அது கத்திக்கொண்டு சுற்றும், அந்த நேரம் முழுக்க முட்டை வெயிலில் வேகும். காலை எட்டரைக்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

விளக்கும்துணியும்:
வெள்ளை எல்இடியில் அந்துப்பூச்சியை இழுக்கிற புற ஊதா ஒளி கிட்டத்தட்ட இல்லை, அதனால் வரத்து குறைவாகத்தான் இருக்கும். பாதரச ஆவி விளக்கு கிடைத்தால் நல்லது, ஆனால் கடுமையாகச் சூடாகும், மழைத்துளி பட்டால் வெடிக்கும். ஓட்டல்களில் ஈ பிடிக்க மாட்டுகிற ஊதா ட்யூப் இருக்கிறதே, அதுவே போதும், பையன் அதை நேராக உற்றுப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசையை ஒட்டி, காற்றில்லாத புழுக்கமான ராத்திரி, அதுவும் கோடை மழை பெய்த மறுநாள் என்றால் துணியில் இடமே இருக்காது. விளக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கனிந்த வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து புளிக்கவிட்டு மரத்தில் தடவினால் சில வகைகள் தேடி வரும்.

பகலில் அரளி, நந்தியாவட்டைச் செடிக்கு அடியில் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். மிளகு போலப் புழுக்கை கிடந்தால் மேலே இலையில் தடித்த பச்சைப் புழு இருக்கும், தலைப்பக்கம் இரண்டு நீலக் கண் மாதிரிப் புள்ளி. அது பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த பெரிய அந்துப்பூச்சியாக மாறும். கூட்டுப்புழு ஆகும் முன்பு நிறம் பழுப்பாகிவிடும், நோய் என்று நினைத்துவிடாதீர்கள். ரோமப் புழுக்களை மட்டும் தொட விடாதீர்கள், அரிப்பு தாங்காது.

தாம்பரத்துக்காரி:
மாமியார் வீட்டு வாசலிலேயே நந்தியாவட்டை இருக்கிறது! ஒரு சந்தேகம், விளக்கை விடிய விடிய எரியவிடலாமா?

விளக்கும்துணியும்:
வேண்டாம். வெளிச்சம் வருவதற்கு முன்பே கரிச்சான் வந்து துணியில் உட்கார்ந்திருப்பதை ஒவ்வொன்றாகக் கொத்திப் போய்விடும், பின்னாலேயே மைனாவும் வரும். ராத்திரி பதினொன்று வாக்கில் அணைத்துவிட்டுத் துணியை மெதுவாக உதறி, பூச்சிகளைச் செடிகளுக்குள் விட்டுவிடுங்கள்.

ஏரிக்கரை:
அணைத்ததும் உடனே உள்ளே போகாதீர்கள். தரிசுப் பக்கம் பக்கி என்கிற இரவுப் பறவை இருந்தால் சக், சக் என்று தொடங்கி வேகம் கூடிக்கொண்டே போகிற அதன் குரல் கேட்கும். அதுவும் அந்துப்பூச்சி தின்கிற பறவைதான், மண் பாதையில் உட்காரும், டார்ச் அடித்தால் கண் செக்கச்சிவப்பாக மின்னும். ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு டார்ச்சைத் திருப்பிவிடுங்கள்.