மறு: கைபேசி கம்பாட்டிபிலிட்டி – ‘இணக்கம்’ போதுமா?

நண்பர்களே,

ஒரு கைபேசி ஒரு நிறுவனத்தின் வலையமைப்பில் வேலை செய்யுமா என்பதைச் சொல்லும் ‘கம்பாட்டிபிலிட்டி’க்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்:

> ‘இணக்கம்’ ஏற்கெனவே பழகிய சொல்தானே, புதிதாக ஒன்று எதற்கு?

பழகிய சொல்தான். மென்பொருள் என்றால் நானும் அதையே எழுதுவேன். ஆனால் இணக்கம் என்பது ஆட்களுக்கு இடையே வருவது. சண்டை போட்டவர்களைக்கூடப் பேசி இணங்க வைக்கலாம். தேவையான அலைப்பட்டையே, அதாவது அந்த நிறுவனத்தின் சிக்னலைப் பிடிக்கும் அலைவெண் வரம்பே, இல்லாத கைபேசியிடம் என்ன பேசுவது?

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றுமுன் *#06# அழுத்தி, வந்த 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (கைபேசியின் அடையாள எண்) அவர்கள் தளத்தில் கொடுத்துப் பார்த்தேன். ‘இணக்கமானது’ என்று பச்சையில் வந்தது. சிம்மைப் போட்டால் இணையம் பறக்கிறது, அழைப்பு மட்டும் போகவே இல்லை. அவர்களிடம் 2ஜி, 3ஜி இரண்டும் மூடியாயிற்று. குரல் இனி வோல்ட்டி (4ஜி இணைப்பிலேயே அழைப்பு போகும் முறை) வழியாகத்தான். அதற்கு என் மாடல் அவர்களுடைய அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டுமாம். இல்லை. பச்சை எழுத்து எதைச் சொன்னது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இந்தக் குரல் அனுமதிக்கு ‘இசைவு’ என்று வைப்போம். ஒருவர் கொடுத்தால்தான் உண்டு, மனம் வைத்தால் நாளைக்கே கொடுக்கலாம்.

அலைப்பட்டை அப்படி இல்லை, அது கருவியின் உடம்போடு வந்தது. ஒரே பெயரில் விற்கும் கைபேசிக்குள் நாட்டுக்கு நாடு வேறு வேறு பட்டைகள் இருக்கும். பெட்டியில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். 4ஜியில் பட்டை 3 என்றால் 1800 மெகாஹெர்ட்ஸ், பட்டை 20 என்றால் 800. தாழ்ந்த அலைவெண்தான் சுவரைத் தாண்டி உள்ளே வரும். நிறுவனம் உள்ளறைக்கு 20-ஐ நம்பியிருந்தால், அது இல்லாத கைபேசி வாசலில் நன்றாகப் பேசும், உள்ளறைக்குப் போனதும் ஊமையாகிவிடலாம். இதற்கு என் பரிந்துரை ‘ஒவ்வுமை’. ஒவ்வாமை எல்லோருக்கும் தெரியும். மருந்து ஒவ்வவில்லை என்றால் மருந்தையும் குறை சொல்ல மாட்டோம், உடம்பையும் குறை சொல்ல மாட்டோம். இங்கேயும் அதே கதைதான்.

> பூட்டுக்குச் ‘சிம் பூட்டு’ இருக்கிறதே?

விற்ற நிறுவனத்தின் சிம் மட்டும் வேலை செய்யும்படி கைபேசியைப் பூட்டுவதைத்தான் சொல்கிறோம். ஆனால் ‘சிம் பூட்டு’ என்றதும் ரகசிய எண் (PIN) போட்டுச் சிம்மைப் பூட்டுவதாக நினைக்கிறார்கள். ‘நிறுவனப் பூட்டு’ என்றால் யார் பூட்டியது, யாரிடம் போய்த் திறக்கச் சொல்வது என்பது சொல்லிலேயே வந்துவிடும்.

> ஒவ்வுமை, ஒவ்வாமை – ஓர் எழுத்துதானே வித்தியாசம்? அவசரத்தில் மாறிப் படித்துவிடுவார்களே?

சரியான கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பெயர்ச்சொல்லைக் கலைச்சொல் பட்டியலோடு நிறுத்திக்கொண்டு, திரையில் வினையாகவே எழுதலாம் என்று நினைக்கிறேன்:

பூட்டு: இல்லை
அலைப்பட்டைகள்: ஒவ்வும் (20 தவிர)
குரல் இசைவு: இல்லை

இப்படி மூன்று வரி அன்று வந்திருந்தால் நான் எண்ணை மாற்றியிருக்கவே மாட்டேன். ‘இசைவு’ பற்றி யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லையே?